வலப்பக்கத்துப் படி

ஜீப்பைப் பற்றி மட்டும் விநாயகமூர்த்தியிடம் யாரும் வாய் கொடுக்கக்கூடாது. பச்சை என்று தெரியாமல் சொல்லிவிட்டால் போதும், எந்த வருஷத்துப் பச்சை என்று பிடித்துக்கொள்வார். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் கியர்பாக்ஸ் வந்துவிடும். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்குக் கோயில் கமிட்டி போதாதா, இந்த மனிதருக்கு ஏன் இந்தத் தலைவலி என்று உறவில் கேட்காத ஆளில்லை.

ஜீப் அவருடைய மாமனாருடையது. உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி செய்தது. ராணுவம் கழித்துவிட்டதை மாமனார் ஏலத்தில் எடுத்து, கிள்ளானில் நில அளவை வேலைக்கு ஓட்டினார். மகள் மீனலோசனியின் கல்யாணத்தோடு அது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் படுத்துவிட்டது. அவர் காலமான பிறகு, பழைய இரும்புக்குப் போக இருந்ததை விநாயகமூர்த்திதான் தடுத்தார்.

"ஃபேக்டரியில இருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் காட்டுறேன். உன்னைப் பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டப்போறேன், பாரு" என்றார் மனைவியிடம்.

"பார்க்கலாம்" என்றாள் மீனலோசனி.

அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அத்தனை பாடும் அந்த ஒரு ஆசைக்குத்தான். ஆனால் கிள்ளானில் மெக்கானிக் கன்னையாவின் பட்டறைக்கு அவள் ஒருநாளும் வரவில்லை. அப்பாவின் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்க்க மனசு வராது என்றாள். அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

வருத்தத்தையும் சேர்த்து வேலையில் காட்டினார். ராணுவக் கையேட்டின் நகலை வரிவரியாகப் படித்தார். ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் ஈமெயில் எழுதிச் சந்தேகம் கேட்டார். அந்த ஜீப்பின் அசல் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் 'எஃப்' என்ற எழுத்து இருக்குமாம். எழுத்தில்லாத போல்ட்டைக் கண்டால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் போகும். கையேட்டில் இல்லாதது எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்பதுதான் அவர் சட்டம்.

அப்படித்தான் வலப்பக்கத்துப் படியும் போயிற்று. அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடப்பக்கம். கூட வருபவர் ஏறுவது வலப்பக்கம். அங்கே, வாசலுக்குக் கீழே, கோண இரும்பை வளைத்து, மேலே டயர் ரப்பர் வைத்து, யாரோ முரட்டுத்தனமாக ஒரு படியை வெல்டிங் செய்திருந்தார்கள்.

"ஏறுறதுக்கு நல்லாத்தானே இருக்கு அங்கிள். விட்டுடலாம்லா" என்றான் கன்னையா.

"சண்டைக்குப் போன சிப்பாய்க்குப் படி கட்டிக் குடுத்தாங்களா? வெட்டு."

கன்னையா வெட்டினான். தழும்பை விநாயகமூர்த்தியே தேய்த்தார். கையால் தடவினாலும் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட்டு, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

வேலை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையிலேயே பூசை. அப்பா வண்டிக்குப் பூசை என்றதும் மீனலோசனி மறுக்காமல் வந்தாள். பெயின்டில் படக்கூடாது என்று சந்தனத்தைக் கண்ணாடியில் மட்டும் வைக்கவிட்டார் விநாயகமூர்த்தி. கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

மீனலோசனி பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். "அப்பா வண்டியேதான்" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஏறு லோசனி."

அவள் வலப்பக்கம் வந்து கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தாள். கன்னையாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, கீழே பார்க்காமல் இடது காலைத் தூக்கி வைத்தாள். வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. தடுமாறி வண்டியில் இடித்துக்கொண்டவளைக் கன்னையா ஓடிவந்து பிடித்தான்.

அவள் கீழே குனிந்து பார்த்தாள்.

"படி எங்க?"

"எந்தப் படி?" என்று கேட்கும்போதே விநாயகமூர்த்திக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா எனக்கு வெச்ச படி. காலேஜ் சேர்ற வரைக்கும் அவர்தான் என்னைத் தூக்கி உட்கார வைப்பார். வளர்ந்த பொண்ணு. கடைத்தெருவுல எல்லாரும் பார்ப்பாங்க. ஒருநாள் அழுதுட்டேன். மறுநாள் படி இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னை யாரும் தூக்கல."

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பெண் பார்த்த அன்றே அவருக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இத்தனை வருஷமும் இருந்துவிட்டார். ஒரு போல்ட்டுக்காக முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் எழுதியவர், கூடவே இருக்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கன்னையா, அந்தப் படி?"

"பழைய இரும்பு லோரி அப்பவே வந்து எடுத்துட்டுப் போயிட்டான் அங்கிள். புதுசு அடிச்சிடலாம். அளவு குடுங்க."

அளவு ஏது? வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் படம் எடுத்து வைத்திருந்தார். குப்பை என்று நினைத்ததால் படியை மட்டும் எடுக்கவில்லை. இருந்த சுவட்டையும் தன் கையாலேயே தேய்த்து அழித்தாயிற்று.

"ஸ்டூல் போடட்டுமா ஆன்டி?"

"வேணாம் தம்பி" என்றாள் மீனலோசனி. பிறகு கணவரிடம், "நீங்க ஓட்டுங்க. நான் நின்னு பார்க்கிறேன்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விநாயகமூர்த்தி இறங்கினார். வேட்டியோடு எண்ணெய்த் தரையில் அவள் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"லோசனி, காலைத் தூக்கு. அப்போ எங்க வைப்பியோ, அங்க வை."

"அங்கதான் ஒண்ணும் இல்லையே."

"உன் காலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்க."

அவள் தயங்கினாள். தன் காலை அவர் இவ்வளவு பக்கத்தில், நேராகப் பார்ப்பது அவளுக்குப் புதிது. பிறகு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். செருப்பில்லாத இடது கால் எழும்பி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. மேலும் கீழும் தேடவே இல்லை.

"இங்க" என்றாள்.

அவர் உள்ளங்கையை அவள் பாதத்துக்குக் கீழே கொடுத்தார்.

"கன்னையா, என் கை மட்டத்துக்குச் சாக்பீஸால கோடு போடு."

"புது பெயின்ட் மேலயா அங்கிள்?"

"போடு."

கன்னையா கோடு போட்டான். எலுமிச்சம்பழம் நாலும் சக்கரத்தடியில் நசுங்காமல் கிடந்தன.

"கையை எடுக்கட்டுமா?"

"இருங்க." கண்ணைத் திறக்காமலே அவள் பாதத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள். அவருடைய கை நடுங்கியது.

"அப்பா வெச்சது இப்படி ஆடாது" என்றாள்.

அவர் இன்னொரு கையையும் அடியில் கொடுத்தார்.