மூன்று நாள் நீரில் இருந்த கல்

1926-ஆம் ஆண்டு, மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நான் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை, கடல் வற்றிக் கிடந்த சேற்றில் பழனியப்பன் ஒரு கல்லைக் கண்டார். துறைமுகக் கூலிகளை வேலை வாங்கும் தண்டல் அவர். நாங்கள் குடியிருந்த லயத்து மரத்தடியில் முனீஸ்வரனாக நிறுத்த ஒரு கல் தேடிக்கொண்டிருந்தார். பாசி படிந்த அந்தக் கல்லுக்கு முகம் இருந்தது. குழிந்த கண்கள், கீழே வளைந்த வாய். சந்தனம் பூசுமுன் கை படக்கூடாது என்று மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கொண்டுவந்தார்.

புதுச் சாமியை நிறுத்துமுன் மூன்று நாள் நீரில் வைப்பது வழக்கம்.

"கடல்ல கெடச்ச சாமிக்குக் கெணத்துத் தண்ணி எதுக்கு?" என்று பழனியப்பன், பாதியாய் அறுத்த பீப்பாயில் கடல்நீரை ஊற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாமிக்கு முதல் சந்தனத்தைப் பூசுவது என் மனைவி புஷ்பவல்லி. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அவளாகக் கேட்டு வாங்கிய வேண்டுதல்.

நீர் மாற்றும் வேலை எனக்கு. வியாழன் காலை புது நீரோடு மீன்குஞ்சுகள் ஐந்து வந்துவிட்டன. மத்தியானம் பார்த்தேன், மூன்று. சாயங்காலம், ஒன்று. பூனையாக இருக்கும் என்று பலகை போட்டு மூடினேன்.

வெள்ளி விடிந்ததும் பலகையை எடுத்தேன். அந்த ஒன்று இருந்தது. கல்லின் வாயருகே நீந்தியது. நான் கண்ணை எடுக்கவில்லை. கல் அசையவில்லை. மீன் மட்டும் இல்லை.

ஈரத்தலையோடு புஷ்பவல்லி வந்து, சந்தனம் குழைத்த கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதே. இதுக்கு உயிர் இருக்கு."

பழனியப்பன் சிரித்தார். "உயிர் இல்லாததையா கும்பிடுறோம், கிராணியாரே? பேனா புடிச்ச கை இப்பிடித்தான் நடுங்கும் லா!"

"விடுங்க, நல்ல நேரம் போகுது," என்றாள் அவள்.

நான் விடவில்லை. மறுகையால் மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக் கல்லின் முதுகில் அழுத்தினேன். முதுகிலிருந்து முட்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. பதிமூன்று. நுனிகளில் பால்போல் ஏதோ கசிந்தது. கல் கண்ணைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

"கல்லு மீனு..." பழனியப்பனின் குரல் இறங்கிவிட்டது. "மிதிச்சவன் பொழச்சதில்லன்னு மலாய்க்காரங்க சொல்லுவாங்க." மண்வெட்டியை ஓங்கினார்.

"வெட்டாதீங்கண்ணே! மூணு நாள் கும்பிட்டுட்டோம்." புஷ்பவல்லி என் பக்கம் திரும்பினாள். "கடல்லயே விட்டுடுங்க. தூக்கி எறியக்கூடாது, எறங்கி விடணும். செருப்பைக் கழட்டுங்க."

பழனியப்பனும் நானும் பீப்பாய்த் தொட்டியைக் கரைவரை தூக்கிப் போனோம். பிறகு நான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தொட்டியை மிதக்கவிட்டு, முழங்கால் ஆழத்துக்குத் தள்ளிப்போய்க் கவிழ்த்தேன். மீன் கனமாய் அமிழ்ந்தது. இரு பக்கமும் துடுப்பால் சேற்றை ஒதுக்கி, உள்ளே உட்கார்ந்தது.

கலங்கல் அடங்கியது. என் காலைச் சுற்றிக் கற்கள் மட்டுமே. ஏழு. மறுபடி எண்ணினேன்.

எட்டு.

"வாங்க! தண்ணி ஏறுது!" கரையிலிருந்து புஷ்பவல்லி கூப்பிட்டாள்.

வலது காலைத் தூக்கினேன். காலித் தொட்டியைப் பிடித்தபடி, நீர் மார்பளவு ஏறி என்னை மிதக்கத் தூக்கும்வரை, அந்தக் காலை நான் கீழே வைக்கவில்லை.