கித்தேரியம்மாளின் கல்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாசத்துக்கும் குறைவில்லை, சுண்ணாம்புக்கும் குறைவில்லை. ஒவ்வொரு நவம்பரும் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் அடிப்பார்கள். கல்லில் வெட்டிய பெயர் மூடிப்போவதைப் பற்றி யாருக்குக் கவலை? அவரவர் கல் அவரவருக்குத் தெரியும் என்ற நினைப்புதான்.

இஞ்ஞாசி சாகும்போது மகள் பிளாரன்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "என்னைய ஒங்கம்மா குழியிலயே வையி தாயி." மகன் ரெக்ஸ் கப்பலில் வேலையாக இருந்தான், வர வழியில்லை. எல்லாம் பிளாரன்ஸ் தலையில் விழுந்தது.

உச்சி வெயிலில் குழிவெட்டும் பவுல் பக்கத்துப் பக்கத்துக் கல் இரண்டுக்கும் நடுவில் நின்றார். "ஏளா, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. இதுல எது கித்தேரியம்மா?"

வெயில் செங்குத்தாக விழுந்ததில் இரண்டு கல்லும் ஒரே வெள்ளை. கண் கூசியதே தவிர, எழுத்தின் தடம்கூடத் தெரியவில்லை.

"இதுதான் அண்ணாச்சி. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கது நானு, எனக்குத் தெரியாதா?"

குழியைத் திறந்து, பழைய எலும்புகளைப் பவுல் வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார். பிளாரன்ஸ் அதை முத்தமிட்டு "அம்மா" என்று கதறினாள். அப்பாவின் பெட்டிக்குக் கால்மாட்டில் அதை வைத்து மூடினார்கள்.

மாலையில் எல்லாரும் போன பிறகு அவள் மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தாள். உப்பளத்துப் பக்கம் சூரியன் தாழ்ந்திருந்தது. வெளிச்சம் சாய்ந்து வந்ததில் கல்லின் பரப்பு மங்கிவிட்டது. சூரியனைப் பார்த்த எழுத்தோரங்கள் மட்டும் பளிச்சிட, எதிர் ஓரங்களில் நிழல் கட்டியது. உப்புக்காற்றில் பூச்சு உரிந்த இடத்தில் ஒரு பெயர் எழுந்து நின்றது: சலேத்தம்மாள்.

பதறிப்போய் அடுத்த கல்லுக்கு ஓடினாள். அங்கேதான் கித்தேரியம்மாள்.

அவள் கூப்பிட்டதும் பவுல் வந்து இரண்டு பெயரையும் விரலால் தடவிப் பார்த்தார். "ஏளா, புதுக் குழிய ஒடனே தொறக்கக் கோயில்ல விடமாட்டாவ."

அப்பா கேட்ட ஒரே காரியம், அதையும் கெடுத்தோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. யாரோ ஒருத்தியின் எலும்பை முத்தமிட்ட உதட்டைத் துடைக்கவும் மனம் வரவில்லை. அந்த அம்மாவையும் ஒரு மகள் அழுதுதானே புதைத்திருப்பாள்.

போன் அடித்தது. ரெக்ஸ்.

"அக்கா, அப்பா கேட்டபடி செஞ்சாச்சா?"

"செஞ்சாச்சுடே. அம்மாகூடத்தான் இருக்காவ."

நடுக்கடலில் அவன் நிம்மதியாக அழுதான். கூடச் சேர்ந்து அழ அவளால் முடியவில்லை.