முழங்காலில் இல்லாத கிருமி

கண்டி மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் வாசிக்கிற சந்திரிகாவுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு படியாவது ஏறி இறங்கவேண்டும். அப்படிப்பட்டவளுடைய வலது முழங்கால் ஒரு திங்கட்கிழமை காலையில் விளாம்பழம்போல வீங்கி நின்றது. எங்கேயும் விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. எண்ணெய் தடவிப் பார்த்தாள், இறங்கவில்லை. இரண்டு நாளில் இடது கண்ணும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்கக் கூசியது. காலுக்கு ஒரு வைத்தியர், கண்ணுக்கு ஒரு வைத்தியர் என்று அலைந்துவிட்டுக் கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் பாலாம்பிகை, யாழ்ப்பாணத்துக்காரர். முழங்காலை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"போன மாசம் உங்களுக்கு வயித்தாலை போனதோ?"

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர், நான் வந்தது முழங்காலுக்குங்க."

"ஓம், முழங்காலுக்குத்தான் கேக்கிறன்."

போயிருந்தது. மூன்று கிழமைக்கு முன்னால் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாத்தனார் சீதா தன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தாள். வேன் பிடித்துப் பதினொரு பேர் போனார்கள். திரும்பி வந்த மறுநாளே வயிறு கலக்கி, மூன்று நாள் காய்ச்சலும் இருந்தது. தானாக நின்றுவிட்டதால் அதை அவள் மறந்தே போனாள்.

சந்திரிகாவோடு வந்திருந்த அவள் கணவனை டொக்டர் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். சிறுநீர் போகும்போது எரிவு உண்டா, கணவன் மனைவி உறவால் தொற்று ஏதும் வந்ததா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "அதாலையும் இது வரலாம். எல்லாரிட்டையும் கேக்கிறதுதான், குறை நினைக்க வேண்டாம்." சந்திரிகா இல்லையென்று தலையாட்டினாள்.

முழங்காலிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணை அன்றைக்கே கண் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் உள்ளே அழற்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த கிழமை முடிவு வந்தது. நீரில் கிருமி ஒன்றும் இல்லை.

"அப்ப எதுக்கு டொக்டர் வீங்குது?"

"கிருமி வந்தது குடலுக்கு. அதோடை சண்டை பிடிக்க உடம்பு எழும்பினது. கிருமி போன பிறகும் சண்டை ஓயேல்லை. மூட்டிலையும் கண்ணிலையும் நடக்குது, சில பேருக்குக் குதிக்காலிலையும்."

"எங்களோட போனவங்க பல பேருக்கு வயித்தால போச்சே. அவங்களுக்கு வராம எனக்கு மட்டும் ஏங்க?"

"சில பேருக்குப் பிறப்பிலேயே அந்த வாகு இருக்கும். மற்றவைக்கு வரேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சந்திரிகாவுக்கு அந்தக் கேள்வி விடவில்லை. வீட்டுக்கு வந்து, கால் நீட்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, வேனில் வந்த ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தாள். தன்னோடு சேர்த்து ஏழு பேருக்கு வயிறு போயிருந்தது. கால்கை வலி இல்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். வயிறு போனவர்களில் வேன் ஓட்டிய இராமையா மட்டும் இழுத்தார்.

"குதிகால் தரையில வைக்க முடியலம்மா. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு வந்ததுன்னு விட்டுட்டேன்."

"கண்ணு?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? சிவந்து மங்கலா இருக்கு. கண்ணூறுன்னு வீட்ல சுத்திப் போட்டாங்க."

மறுநாளே அவரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். பார்த்த கண் டொக்டர், இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார்.

கோழிக்கறிதான் காரணம் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். சந்திரிகாவும் அப்படியேதான் நம்பினாள், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பஸீஹாவிடம் பேசும்வரை. பஸீஹாவும் அதே வேனில் சடங்குக்கு வந்து வயிறு கெட்டவள்.

"நான் அங்க கோழியத் தொடவே இல்லையே," என்றாள் பஸீஹா. "ஹலாலா அறுத்ததான்னு தெரியாதே. சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், அவ்வளவுதான்."

சோறும் பருப்பும் கொதித்தவை. சம்பலுக்கு வல்லாரையைப் பச்சையாகவே அரிந்து போடுவார்கள். தண்ணீர்ப் பகுதியில் பத்து வருசம் வேலை செய்த சந்திரிகாவுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சீதாவுக்குப் போன் எடுத்தாள்.

"வல்லாரைய எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

"பீலித் தண்ணிதான் அண்ணி, மலை ஊத்துல இருந்து குழாய்ல வர்றது. நாங்க குடிக்கிறதும் அதுதான்."

"அந்தப் பீலிக்கு மேட்டுல என்ன இருக்கு?"

சீதா யோசித்தாள். "மேல் லயத்து வீடுகளோட கக்கூஸ் இருக்கு. குழி மழைக்கு மழை உடைஞ்சு வழியும், போன மழையிலயும் உடைஞ்சுது."

சந்திரிகா நொண்டிக்கொண்டே அந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரைத் தேடிப்போனாள். முதல் தடவை அவர் இல்லை. இரண்டாம் தடவை, ஏழு பேரின் பெயரும் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்துப்போனார். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. தோட்ட நிர்வாகத்தினர் முணுமுணுத்துக்கொண்டே குழியைக் கட்டி, ஊற்றுக்கு மூடி போட்டார்கள். அதுவரை லயத்து இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தார்கள்.

சந்திரிகாவின் முழங்கால் வீக்கம் வற்ற நாலு மாதம் ஆனது. இராமையாவின் குதிகால் அதற்குப் பிறகும் காலை நேரத்தில் கடுத்தது, கண் மட்டும் தெளிந்துவிட்டது. கடைசித் தடவை கிளினிக்குக்குப் போனபோது சந்திரிகா நடந்ததையெல்லாம் சொன்னாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த லயத்திலை வருசக்கணக்காய் மூட்டு வீங்கினவை எத்தினை பேர்?"

சந்திரிகா அதைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினாள். கையில் பெயர்களை எழுத ஒரு புதுக் கொப்பி இருந்தது.