நிபந்தனை ஏழு

ஹட்டனில் ராசிக் நானா கடை ரேடியோவில் அந்தச் சோப்பு விளம்பரம் வரும்போது முதலில் ஒரு பெண் தேனாகப் பேசுவாள். பத்து உறைகளை அனுப்பினால் குலுக்கலில் தையல் மெஷின் கிடைக்கும் என்பாள். அவள் முடித்ததும் ஓர் ஆள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி, மூச்சு விடாமல் நிபந்தனைகளைக் கொட்டுவான். "நுரை வருவது தண்ணீரைப் பொறுத்தது, நிறம் வருவது தோலைப் பொறுத்தது, வெயிலிலும் மழையிலும் வேலை செய்வோருக்குப் பலன் உறுதியில்லை..." அதற்கு மேல் அவன் சொன்னது எந்தச் சாமிக்கும் விளங்காது.

எனக்கு விளங்க வேண்டியது மெஷின் என்ற ஒரு சொல்தான். பதினெட்டு வருஷம் கொழுந்துக் கூடை சுமந்து என் கழுத்தும் வலது தோளும் செத்துப்போயிருந்தன. இனிமேல் கூடை சுமந்தால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது அவருக்கு லேசு. புருஷனைப் பறிகொடுத்தவள் நான். வேலைக்குப் போகாவிட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணச் சொல்வார்கள். ஃபாக்டரியில் உட்கார்ந்தபடி தேயிலையில் குச்சி பொறுக்குகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கண்டாக்கையாவிடம் அதைக் கேட்டேன். "அடுத்த மாசம் பாப்போம் பூரணி" என்றார். மெஷின் கிடைத்தால் தன் கடை வாசலிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் ராசிக் நானா. இரண்டில் ஒன்று நடக்காதா என்று தவியாய்த் தவித்தேன்.

எனக்காக லயமே அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தது. ஒரு மாதம் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் ஒரே பூ வாசம். ஒருத்தரும் வெளுக்கவில்லை. உறைகள் மட்டும் சேர்ந்தன.

பரிசு எனக்கே விழுந்தது! கடிதம் வந்த அன்று அழுதுவிட்டேன். வெட்கமென்ன, ஓவென்று அழுதேன்.

கம்பனி ஏஜண்டு கொழும்பிலிருந்து வேனில் மெஷினோடும் போட்டோக்காரரோடும் ராசிக் நானா கடைக்கு வந்தார். முதலில் படம். மெஷினில் கை வைத்து, காலால் மிதித்து, பல் தெரியச் சிரித்தேன். என் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம்தான் ஏஜண்டு ஒரு தாளை விரித்தார்.

"பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்காம்மா?"

"மனுப் போட்டு எட்டு வருஷமாச்சுங்க. இன்னும் வரலிங்க."

"அப்ப தர முடியாதே. நிபந்தனை ஏழு. இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டுந்தான் பரிசு. ரேடியோவிலயே சொன்னோமே."

"நாலு கால் பாய்ச்சல்ல சொன்னா யாருக்குங்க வெளங்கும்? நான் பொறந்தது டிக்கோயாவுலங்க. எங்கம்மா பொறந்ததும் இங்கதான்."

"பிறந்ததைக் கேக்கலம்மா. பத்திரத்தைத்தான் கேக்குறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோப்பு வாங்குறப்போ எந்தப் பத்திரமும் வேணாமாங்க?"

"வேணாம்மா" என்றார் அந்த மனிதர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "சோப்பு யார் வேணுன்னாலும் வாங்கலாம்."

"அல்லாஹ், இதென்ன நியாயம் தொர!" என்று ராசிக் நானா எழுந்தே விட்டார். ஏஜண்டு கடைக்கு ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டு மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலும் எங்கள் தோட்டத்துப் பாலத்திலும் பெரிய பெரிய நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் மெஷினும் நானும் என் பல்லும். எடுத்த படத்தை வீணாக்க மனசு வரவில்லையாக்கும், பாவம்! பாலத்தடியில் குனிந்து, எழுத்துக் கூட்டி, அடிவரியைப் படித்தேன். "படத்தில் காணப்படும் பெண்மணி பரிசு பெற்றவர் அல்லர். தையல் இயந்திரம் அவருடையதும் அல்ல." எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போகட்டும், குச்சி பொறுக்கும் வேலையாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த கண்டாக்கையா, ஃபாக்டரி வேலையை ராசம்மாவுக்குக் கொடுத்தார்.

"ஐயா, நான் கேட்டிருந்தேனுங்களே?"

"ஒனக்குத்தான் மெஷின் வந்துருச்சே புள்ள. இல்லாதவளுக்குக் குடுக்க வேணாமா?"

"மெஷின் எனக்குத் தரலிங்கய்யா. அந்த நோட்டீஸிலயே கீழ எழுதியிருக்குங்க."

"படத்துல இருக்குறது நீதானே?"

"நான்தாங்க."

"மெஷின்ல கைய வச்சிருக்கியா இல்லியா?"

"வச்சிருக்கேங்க. ஆனா..."

"அவ்வளவு பெரிய படம் போட்டிருக்கான், அடியில பொடி எழுத்த யாரு பாத்தா? ஆசைக்கும் ஒரு அளவு வேணும் பூரணி."

பெரட்டே சிரித்தது. எனக்காகக் குளித்தவர்களும் சிரித்தார்கள். கண்டாக்கையா என்னை மேல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகச் சொன்னார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினேன். பத்து மணிக்குள் வலது கை மரத்துவிட்டது. இடது கையால் பறித்தேன்.