பொதுக் கோப்பு

கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தங்கையின் போன் நாலாவது முறையாக அதிர்ந்தது. டயாலிசிஸ் சென்டர் நர்ஸ்.

"மேடம், சார் போனே எடுக்க மாட்டேங்கிறார். சைட்ல பட்டியலே வரல. யாருக்கு எத்தனை மணின்னு தெரியல. அறுபது பேர் நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கு இப்பவே மூச்சு வாங்குது."

சார் இனி எடுக்கமாட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பத்து நிமிஷம் குடுங்க."

எழுந்தவளைச் சித்தப்பா மறித்தார். "வண்டி வந்து நிக்குது. இப்பப் போயா?"

"பத்து நிமிஷம் சித்தப்பா."

"பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அம்மா அண்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அண்ணன் விட்டுப்போன இடத்திலேயே லேப்டாப் திறந்து கிடந்தது. சென்டரின் இணையத்தளம் இருவரும் சேர்ந்து கட்டியது. ஒரு நோயாளியின் அடுத்த டயாலிசிஸ் நேரத்தைக் கணக்கிடும் நிரலை ஆறு பக்கங்களிலும் ஆறு தரம் எழுதி வைத்திருந்தான். ஒன்றைத் திருத்தினால் மற்ற ஐந்தும் பழையபடியே நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பொதுக் கோப்பில் வை என்று இரண்டு வருடமாக அவள் நச்சரித்தாள். போன வாரம் கடுமையாகவே சொல்லியிருந்தாள்: "உனக்குச் சோம்பேறித்தனம். மாட்டிக்கிட்டு முழிக்கிறது அங்க வர்ற நோயாளிங்க." அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனான்.

இப்போது திரையில் அந்தக் கோப்பு இருந்தது. ஆறு பக்கங்களிலிருந்தும் நிரலை எடுத்துவிட்டிருந்தான். பொதுக் கோப்பில் பாதிதான் வந்திருந்தது. கடைசி வரி நடுவிலேயே நின்றது. சேமித்ததெல்லாம் காலையில் தானாகத் தளத்துக்குப் போகும்படி அவனே செய்திருந்த ஏற்பாடு, இன்று அந்த அரைகுறையை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

அவன் விட்டதை முடித்துவிடலாம். அரை மணி நேரமாவது ஆகும். முந்தாநாள் இருந்த நிலைக்குத் திருப்பிவிட்டால் ஒரு நிமிடம் போதும்.

கதவு தட்டப்பட்டது. அவள் விரல் விசைமேல் நின்றது. பிறகு, அவன் எழுதியதை அழியாதபடி தனிக் கிளையாகச் சேமித்துவிட்டு, தளத்தைப் பின்னுக்குத் திருப்பினாள்.

"பட்டியல் வந்திருச்சு மேடம்," என்றாள் போனில் நர்ஸ். பின்னால் யார் யார் பெயரையோ கூப்பிடுவது கேட்டது. "சார்கிட்ட தேங்க்ஸ் சொல்லிருங்க."

"ம்."

திரும்பியபோது கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள்.

"அவன் பண்ணிட்டிருந்ததா?"

"ஆமாம்மா. நான் சொன்னதைத்தான் பண்ணிட்டிருந்திருக்கான்."

"அழிச்சிட்டியா?"

"இல்ல. இங்கதான் இருக்கு."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையருகே குனிந்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் மேலிருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளியே சித்தப்பா தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"வர்றோம்னு சொல்லு," என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."