ஒரே பெயரில் ஒன்பது பேர்

என் கணவரின் பெயரில் உலகத்தில் ஒன்பது பெரிய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு தத்துவஞானி, ஒரு மருத்துவர், ஒரு கணக்கு மேதை, ஒரு கவிஞர், ஒரு குத்துச்சண்டை வீரர், இப்படிப் போகும் வரிசை. அவர்கள் வாழ்க்கையைப் பற்றியும் லட்சியத்தைப் பற்றியும் சொன்னதையெல்லாம் இவர் பொறுக்கி எடுத்துப் புத்தகமாகப் போடுகிறார். பள்ளியில் பூகோளம் நடத்திவிட்டு வந்தால் மீதி நேரமெல்லாம் இதே வேலைதான்.

சேர்த்துக்கொண்டு போகட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் பதில் சொல்லுவார். குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்றால், "தண்ணி தன் வழியைத் தானே தேடிக்கும்னு மருத்துவர் சொல்லியிருக்கார்" என்பார். அது தேடிக்கொண்டது, சமையலறை வழியாகக் கூடத்துக்கு. துடைத்தவள் நான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம்.

மாமியாரிடம் முறையிட்டுப் பயனில்லை. "என் புள்ள வாயத் தொறந்தா முத்து உதிருது, உனக்குத்தான் பொறுக்கத் தெரியல" என்பார். எல்லாம் இரவல் முத்து அத்தை என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பாரிஸ் சாந்தை வார்த்து, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தேய்த்துப் பளபளவென்று திருப்பி அனுப்புவோம். பல்லைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நட்டால் கிழவர் சீறுவது போல இருப்பார், பின்னால் தள்ளினால் அழுவது போல. இந்த வேலையில் என்னைவிடக் கைத்திருத்தம் உள்ளவர் அங்கே யாரும் இல்லை. சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

புதன்கிழமை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். இன்னொரு நகரத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்கிறார். "நீதான் பொறுப்பு. ஆளெடுக்கறதுலேர்ந்து மெழுகு உருக்கற அடுப்பு எங்க வைக்கணுங்கறது வரைக்கும் உன் இஷ்டம். போன தடவ மாதிரி கைய விரிச்சிடாத. வீட்ல கேட்டுட்டு நாளைக்கு ராத்திரிக்குள்ள போன்ல சொல்லு. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

போன தடவை என்றது பீங்கான் பல் பயிற்சியை. மூன்று வருடத்துக்கு முன் வெளியூரில் ஆறு மாதம் படிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது இவர் தத்துவஞானி சொன்னதாக ஒன்றை எடுத்துவிட்டார். 'நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்தவனைத் தேடி உலகம் நடந்து வரும்.' அவ்வளவு பெரிய மனுஷர் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று நானும் நின்றேன். உலகம் வரவில்லை. எனக்குப் பதிலாகப் போனவள் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கேட்டேன். அச்சகத்திலிருந்து வந்த பக்கங்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "ஏறத் தெரிஞ்சா போதாது, எறங்கவும் தெரியணும்னு கணக்கு மேதை சொல்றார்" என்றார்.

"அப்ப வேணாங்கறீங்களா?"

"கவிஞர் வேற மாதிரி சொல்லியிருக்கார். சிறகு இருந்தா கூரை தடுக்காதாம்."

"அப்ப போகலாமா?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கில்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழவழ கொழகொழ என்று இப்படிப் பேச ஒரு மனிதனுக்கு ஒன்பது பேர் துணை வேண்டுமா? அன்றைக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்தேனே தவிர, பரிமாறவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "பெரிய தப்பு நடந்துபோச்சும்மா" என்றார். "அன்னிக்கு உங்கிட்ட சொன்னேனே, நின்ன எடத்துல நிக்கறதப் பத்தி. மூணு வருஷமா தப்பாவே நெனச்சிட்டிருந்திருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"அது தத்துவஞானி சொன்னதே இல்ல. குத்துச்சண்டைக்காரர் சொன்னது. அடிதடி வழக்குல மாட்டி, ஊர விட்டு நகரக் கூடாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்களாம். அப்ப பேட்டியில கெத்தா சொல்லியிருக்கார். பேரு ஒண்ணா இருக்கவும் நான் கொழப்பிட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் போகல."

அவ்வளவுதான். தப்பு என்றது புத்தகத்தில். நகர முடியாத ஒருவன் வீம்புக்குச் சொன்னதைக் கேட்டு, நகர முடிந்த நான் நின்றிருக்கிறேன். அது இவர் கண்ணில் படவே இல்லை.

"அவங்க ஒம்போது பேரும் சொன்னது போதும். நீங்க என்ன சொல்றீங்க? நான் போகட்டுமா, வேணாமா?"

"நம்ம தத்துவஞானி..."

"நீங்க!"

கூடத்தில் மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளில் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"போகாத" என்றார். "நீ போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொந்தப் பதில் அதுதான். சுற்றி வளைக்காமல், மேற்கோள் இல்லாமல், மனசில் இருப்பது அப்படியே வந்தது.

"நல்லாருக்கு" என்றேன். "உங்க பேரப் போட்டு இதையும் புத்தகத்துல சேத்துக்குங்க. பத்து பேரா இருக்கட்டும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தாளைப் புரட்டி ஏதோ யோசித்தார். "அப்படியே போட முடியாது" என்றார். "கொஞ்சம் செதுக்கணும்."

நான் கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். முதலாளியம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நான் போறேம்மா" என்றேன்.

"வீட்ல கேட்டியா?"

"கேட்டேம்மா. இன்னிக்குத்தான் பதில் சொன்னாரு."