வருத்தப்படுற ஒருத்தரைக் காட்டுங்க

பணிமனையில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்துக் கிண்டலாக வைத்த பெயர். பதினான்கு வருடம் சின்ன உரசல்கூட இல்லாமல் பஸ் ஓட்டியதில் கிண்டல் உதிர்ந்துபோய் மரியாதை மட்டும் ஒட்டிக்கொண்டது. ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கும் அவள் தம்பிக்கு அந்தப் பெயரில் தனிப் பெருமை.

அந்தப் பெரியக்கா ஒரு மதியம் பாதி வழியில் பஸ்ஸை ஓரம் கட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது கண் செருகிவிட்டது. இரண்டு நொடி, மிஞ்சிப் போனால் மூன்று. பின்னால் வந்த வண்டியின் ஹாரன்தான் எழுப்பியது. கண்டக்டர்கூடக் கவனிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் எல்லோரையும் வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிப் போக வேறு டிரைவரை வரவழைத்தாள். சாயங்காலம் மேலாளர் மேசைமேல் சாவியை வைத்தாள்.

"சார், ஓட்டும்போது தூங்கிட்டேன். சரியாகற வரைக்கும் என்னை வண்டி ஏத்தாதீங்க."

தம்பிக்குக் கேட்டதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருமே பாக்கலியேக்கா! நீயா போய் ஏன் மாட்டிக்கிட்ட?"

"உள்ள நாப்பது பேர் இருந்தாங்கடா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. சர்க்கரை வேறு. எடை நூற்று முப்பது கிலோவைத் தாண்டியிருந்தது. நடை, பட்டினி, எடை குறைக்கும் பொடி என்று அவள் பார்க்காத வழியில்லை. இறங்கிய எடை ஒவ்வொரு முறையும் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர்.

அம்மா கேட்டதும் மூக்கைச் சிந்தினாள். "வாயக் கட்ட முடியாம யாராவது வயித்த வெட்டிக்குவாங்களா?" தம்பிக்கும் அதே எண்ணம்தான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை தம்பியும் கூடப் போனான். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா பொறுமையாகப் பார்த்து முடித்தாள்.

"எல்லாம் சந்தோஷமா இருக்காங்க டாக்டர். பண்ணிக்கிட்டு வருத்தப்படுற ஒருத்தரைக் காட்டுங்க."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா. கேட்டுப் பாக்கறேன்."

ஒரு வாரத்தில் அப்படி வருத்தப்படும் ஓர் ஓவிய ஆசிரியை பேசச் சம்மதித்தார். சாயம் படிந்த மேசைகள் போட்ட வகுப்பறையில், பள்ளி விட்டபின் மூவரும் உட்கார்ந்தார்கள். ஆசிரியை எதையும் ஒளிக்கவில்லை. தையல் கசிந்து இன்னொரு முறை ஆபரேஷன் மேசையில் படுத்தது, கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, ஐந்து வருடத்தில் பாதி எடை திரும்பியது, எல்லாம் சொன்னார்.

"வயித்தத்தான் சின்னதாக்குனாங்க. மனசு சரியில்லன்னா சாப்பிடற பழக்கம் மண்டையிலல்ல இருக்கு? அதை நானும் பாக்கல, யாரும் சொல்லவும் இல்ல" என்றார் ஆசிரியை.

"இப்ப கேட்டா திரும்பவும் பண்ணிக்குவீங்களா?"

ஆசிரியை மேசையில் இருந்த சாயக் கறையைச் சுரண்டினார். "தெரியல. ஆனா மொதல்ல மண்டையக் கவனிச்சிருப்பேன்."

ஆபரேஷன் பேச்சு இத்தோடு தீர்ந்தது என்று தம்பி நிம்மதியாக வீட்டுக்கு வந்தான். அக்கா செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "இனிமே கடையிலேருந்து எதையும் கொண்டு வராதடா. நீ பாசத்துல கொண்டு வர்ற, நான் அலுப்புல திங்கிறேன். ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. ஆனா வேணாம்."

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் கையில் ஒரு பொட்டலம் இல்லாமல் அவன் வாசல் ஏறியதில்லை.

அடுத்த மூன்று மாதம் அவள் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் அவன் அசந்துபோனான். பணிமனை அலுவலகத்தில் டிக்கெட் கட்டுகளோடு மல்லுக்கட்டினாள். வாரம் தவறாமல் மனநல ஆலோசகரிடம் போனாள். பசி எது, எரிச்சல் எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றாள். சில நாள் தோற்றாள். பிஸ்கட் பாக்கெட் காலியானதை அவளே வந்து சொன்னாள். ஆபரேஷனைச் சோம்பேறிகள் பிடிக்கும் குறுக்கு வழி என்று தான் நினைத்ததை எண்ணி அவன் கூசிப்போனான்.

பிறகுதான் டாக்டரிடம் சரி என்றாள். ஆபரேஷனன்று காலையில் தம்பி கேட்டான்: "பயமா இல்லியாக்கா?"

"இல்லாம? மொதல் நாள் பஸ் எடுத்தப்பவும் கால் வெடவெடன்னுதான் இருந்துச்சு. அதோடயேதானே ஓட்டுனேன்."

கசிவு எதுவும் வரவில்லை. ஆனால் முதல் மாதம் நாலு வாய் அதிகமானாலும் குமட்டித் தள்ளியது. முடியும் கொட்டத்தான் செய்தது. அவள் அதைச் சீப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். எட்டாம் மாதம் எடை தொண்ணூற்று நாலு. தூக்கத்தில் மூச்சு ஒழுங்காக ஓடியது. வண்டி ஓட்டலாம் என்ற தகுதிச் சான்று கைக்கு வந்தது.

அவள் மறுபடி வண்டி எடுத்த அன்று தம்பி விடுப்புப் போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினான். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி, கடவுளைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது நிறுத்தம் வரை அவள் பொறுத்துக்கொண்டாள்.

"டேய், கண்ணாடிய மறைக்கிற. பின்னாடி போய் உக்காரு."

பஸ்ஸே சிரித்தது. அவன் பின்னால் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்: "எங்கக்காங்க அது."